கேமராவோடு பறந்தவர்களின் பெயரை வெட்டாதீர்கள்

வரலாற்று ஆவணப்படங்களைத் தமிழில் வெளியிடும் தொலைக்காட்சி, ஓடிடி நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து சென்னையிலுள்ள டப்பிங் ஸ்டூடியோக்களுக்கு ஒரு வழிகாட்டுக் குறிப்பு வந்தது. இரண்டாம் உலகப் போர்த் தொடர்களின் தமிழ்ப் பதிப்பில், பழைய படச்சுருள் காட்சிகளின் கீழே ஆங்கிலத்தில் வரும் இடம், தேதி, காப்பகத்தின் பெயர் ஆகியவற்றை இனி மொழிபெயர்க்க வேண்டாம், திரையிலிருந்தே எடுத்துவிடலாம் என்கிறது அந்தக் குறிப்பு. கணினியில் உருவாக்கிய காட்சிகளின் மேல் வரும் ‘மறு ஆக்கம்’ என்ற எழுத்தும் போகிறது. முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலை ஐந்து விநாடிக்குள் முடித்துவிட வேண்டுமாம். காரணம் ஒரே வரியில் சொல்லப்பட்டிருக்கிறது: தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இந்த விவரங்கள் தேவைப்படுவதில்லை.

எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. குறிப்பு எதுவும் அனுப்பாமலே மற்றவர்களும் இதைச் செய்துவருவதை நான் வேலை பார்த்த எபிசோட்களிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் இந்தத் தொடர்களுக்குத் தமிழில் வர்ணனை எழுதுகிறவன். பல வருடங்களாக இதுதான் தொழில். குண்டுவீச்சு விமானக் குழுக்களைப் பற்றிய எபிசோட்கள் என்னிடம் அதிகம் வந்திருக்கின்றன. டைம் கோடு, அதாவது ஒவ்வொரு ஷாட்டின் நேரக்குறி, பார்த்து எழுதும்போது ஒரு ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். அப்படி ஓட்டிப் பார்க்கிறவனுக்கு இது எங்கே எடுத்தது, யார் எடுத்தது, அவர் அப்போது விமானத்தில் எங்கே நின்றிருந்தார் என்ற கேள்விகள் வராமல் இருக்காது. தேடிப் படித்தேன். படித்த பிறகு இந்தக் குறிப்பைச் சும்மா ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

உங்கள் தொடர்களில் அடிக்கடி திரும்பி வரும் வண்ணக் காட்சிகளையே எடுத்துக்கொள்வோம். நீல வானத்தில் வெள்ளைக் கோடுகளை இழுத்துக்கொண்டு போகும் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள். பக்கவாட்டு ஜன்னலில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு பையன். பக்கத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் வரிசையிலிருந்து நழுவிக் கீழே போவது. இவற்றில் பல 1943-இல் வில்லியம் வைலரும் அவருடைய சிறிய குழுவும் எடுத்தவை. வைலர் அப்போதே ஹாலிவுட்டின் முன்னணி இயக்குநர். அந்த மார்ச் மாதம் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் இங்கிலாந்தில், அமெரிக்க விமானப்படையின் சீருடையில் இருந்தார். அவர் ஒரு யூதர். பிறந்தது அன்று ஜெர்மனியின் கீழிருந்த முல்ஹவுஸ் நகரில். விமானம் விழுந்து ஜெர்மானியர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கேம்பிரிட்ஜ்ஷயரின் பாசிங்போர்ன் தளத்திலிருந்து பி-17-இல் ஏறி, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின் மேல் பறந்தார். அதன் பிறகும் போனார்.

அந்த உயரத்தில் படம் எடுப்பது எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 25,000 அடி. விமானத்துக்குள் காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. பக்கவாட்டுத் துப்பாக்கிக்காரர்களின் ஜன்னல்கள் திறந்தே இருந்தன. குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். வெறுங்கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் குழாய் கழன்றால் சில நிமிடங்களில் நினைவு போய்விடும். கேமராவின் எண்ணெய் உறைந்து மோட்டார் நின்றுவிடும், பிலிம் விறைத்து ஒடியும். பெரிய கேமராவைக் கொண்டுபோக இடமில்லாததால் கையில் பிடிக்கும் 16 மி.மீ. கேமராக்களில் எடுத்தார்கள். தடித்த கையுறையோடு, ஒரு கையால் எதையாவது பற்றிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சிகளில் தெரியும் நடுக்கம் அங்கிருந்து வருவது. ‘ஸ்டெபிலைஸ்’ செய்து அந்த நடுக்கத்தையும் நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள்.

வைலரின் குழுவில் ஹரால்ட் டானன்பாம் என்று ஒருவர் இருந்தார். ஹாலிவுட்டில் ஒலிப்பதிவுக் கலைஞர். போருக்காகக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1943 ஏப்ரலில் லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் படம் எடுக்கப் போனார். பிரான்சின் மேல் அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் திரும்பி வரவில்லை. இந்தக் குழுவின் காட்சிகள் வந்த எபிசோட்கள் என் கையில் எத்தனையோ போயிருக்கின்றன. அவற்றின் தமிழ்ப் பதிப்பு ஒன்றில்கூட டானன்பாமின் பெயர் இல்லை. ஒருமுறை வர்ணனைக்குள் அவர் பெயரைச் சேர்த்து ஒரு வரி எழுதி அனுப்பினேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மூலத்தில் அவர் பெயர் இருந்தது. முடிவில் ஓடும் பட்டியலில், சிறிய எழுத்தில். ஐந்து விநாடிக்குள் சுருக்கச் சொல்லும் பட்டியல் அதுதான்.

1944-இல் ‘மெம்பிஸ் பெல்’ ஆவணப்படமாக வெளிவந்த வைலர் குழுவின் காட்சிகள் அமெரிக்க அரசுச் செலவில் எடுக்கப்பட்டவை. அதனால் அவற்றுக்குக் காப்புரிமை இல்லை. படத்தில் பயன்படுத்தாமல் மிஞ்சிய பல மணிநேரச் சுருள்கள் அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. இப்படித் திறந்து வைத்திருப்பது மக்களுக்கு அவர்கள் செய்த நன்மை. ஆனால் இலவசம் என்பதாலேயே இந்தக் காட்சிகள் உங்கள் தொடர்களில் எந்த இடத்துக்கும் எந்தத் தேதிக்கும் ஒட்டுப்போடப் பயன்படும் துணியாகிவிட்டன.

நான் பார்த்தவற்றிலிருந்து சொல்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட் ஜெர்மனி மீது பெரும்பாலும் இரவில் பறந்தது. இரவில், அதுவும் விளக்கில்லாத விமானத்துக்குள், அந்தக் காலத்துப் பிலிமில் என்ன பதியும்? அதனால் அவர்களுடைய சண்டைக் காட்சிகள் குறைவு. இந்த வெற்றிடத்தை நிரப்ப, லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் குழுவைப் பற்றிய ஒரு எபிசோடில் அமெரிக்கர்களின் பகல்நேரக் காட்சிகளைப் போட்டு நீல வண்ணம் பூசி இரவாக்கியிருந்தார்கள். லங்காஸ்டரில் 7 பேர், பி-17-இல் 10 பேர். லங்காஸ்டரின் வாலில் இரண்டு துடுப்புகள், பி-17-இல் ஒற்றைப் பெரிய துடுப்பு. வர்ணனை ஒரு ஆங்கிலேயப் பின்புறத் துப்பாக்கிக்காரரின் கடைசி நிமிடங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் வேறு நாட்டின், வேறு விமானத்தின், வேறு ஒருவரின் முகம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் யார், அவர் வீடு திரும்பினாரா என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு தொடரில் ஒரே விமானம் விழும் ஒரே ஷாட் இரண்டு எபிசோட்களில் இரண்டு வெவ்வேறு நகரங்களின் மேல் விழுகிறது. அந்த ஷாட்டில் உண்மையாகவே மனிதர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் இதைக் கேட்டபோது, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு தயாரிப்பு மேலாளர் சொன்னார். தெரிகிறது. தாம்பரத்திலிருந்து ஒரு பெரியவர் எனக்கு எழுதினார். இளம் வயதில் இந்திய விமானப்படையில் லிபரேட்டர்களில் மெக்கானிக்காக இருந்தவர். போர் முடிந்து பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் கைவிட்டுப்போன லிபரேட்டர்களைப் பழுதுபார்த்து நம் விமானப்படை 1968 வரை ஓட்டியது. அவர் அந்த விமானத்தைக் கழற்றி மாட்டியவர். எந்த எபிசோடில், எத்தனையாவது நிமிடத்தில் எந்த விமானத்தைத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள் என்று கையால் எழுதி அனுப்பியிருந்தார். உங்கள் குறிப்பு சொல்லும் ‘தமிழ்ப் பார்வையாளர்’ அவரும்தான்.

அடுத்து வண்ணம். ‘முதல்முறையாக வண்ணத்தில்’ என்ற விளம்பர வரியை ஒரு தொடரின் தமிழ் முன்னோட்டத்துக்கு எழுதச் சொன்னார்கள். முன்னோட்டத்தில் வந்த காட்சிகளில் பாதிக்குமேல் வைலர் குழுவினுடையவை. அவை கோடாக்ரோம் பிலிமில், வண்ணத்திலேயே எடுக்கப்பட்டவை. இருட்டில் சரியாக வைத்திருந்தால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் நிறம் மங்காத பிலிம் அது. 1944-இல் தியேட்டரில் பார்த்தவர்கள் வண்ணத்தில்தான் பார்த்தார்கள். அதன் மேல் கணினி மறுபடி வண்ணம் ஏற்றி, முகங்களைக் கூர்மையாக்கி, இல்லாத பல்வரிசையைக்கூட உருவாக்கியிருக்கிறது. உறைபனியில் நின்றிருந்த அந்தப் பையனின் முகம் இப்போது அவன் முகமே இல்லை. முதல்முறை என்ற வரியை எழுத மறுத்தேன். வேறொருவரை வைத்து எழுதி வெளியிட்டார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 16 மி.மீ. கேமராக்களுக்குக் காது கிடையாது. மெம்பிஸ் பெல் படத்தில் வீரர்கள் இன்டர்காமில் பேசிக்கொள்வது பிறகு ஹாலிவுட்டில் அதே வீரர்களை உட்கார வைத்துப் பேசவைத்துச் சேர்த்தது. ஒரே தாக்குதலைப் போலத் தெரியும் அந்தப் படமே பல நாட்களில், பல விமானங்களில் எடுத்த காட்சிகளைக் கோத்தது. வைலரே இப்படிச் செய்தாரே, நாங்கள் செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: அவர் போர் நடந்துகொண்டிருந்தபோது, அரசுக்காக, மக்களின் ஆதரவைத் திரட்டுவதற்காகப் படம் எடுத்தார். நீங்கள் 80 வருடம் கழித்து வரலாறு என்று சொல்லிக் காட்டுகிறீர்கள். அவர் எதைக் கோத்தார், எதைப் பிறகு சேர்த்தார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கான இடம்தான் நீங்கள் எடுத்துவிடச் சொல்லும் அந்தக் கீழ்வரி.

உண்மையான ஒலியும் இருக்கிறது. 1943 செப்டம்பர் 3 இரவு பிபிசியின் வின்ஃபோர்ட் வாகன்-தாமஸும் ஒலிப்பதிவாளர் ரெக் பிட்ஸ்லியும் ஒரு லங்காஸ்டரில் ஏறி, பெர்லின் வரை போய், பதிவுக் கருவியை ஓடவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பதிவை நீங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். சுற்றிலும் தேடுவிளக்குகளும் பீரங்கிக் குண்டுகளும். வீரர்கள் நிதானமாகப் பேசுகிறார்கள். விமானி திசை கேட்கிறார், வழிகாட்டி பதில் சொல்கிறார். அந்த நிதானத்தில்தான் பயம் எவ்வளவு பெரியது என்று நமக்குப் புரிகிறது. தமிழ் டப்பிங்கில் என்னிடம் வரும் கோரிக்கை நேர்மாறானது: கத்தவிடுங்கள், அலறவிடுங்கள், இன்னும் ‘எனர்ஜி’ வேண்டும். வால்துப்பாக்கிக்காரருக்குக் குரல் கொடுக்க வந்த ஒரு தம்பி தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, நிஜத்தில் இப்படியா சார் கத்தியிருப்பாங்க என்று கேட்டான். அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். நாங்கள் இருவரும் அமைதியாக ஒரு டேக் எடுத்து அனுப்பினோம். அது ஒளிபரப்பாகவில்லை.

பிரிட்டிஷ் பக்கத்தில் நடந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன், ஏனென்றால் இங்கே உங்கள் குறிப்பு உண்டாக்கும் சேதம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1941-இல் பிரிட்டிஷ் அரசின் படப்பிரிவான கிரவுன் ஃபிலிம் யூனிட்டுக்காக ஹாரி வாட் இயக்கிய ‘டார்கெட் ஃபார் டுநைட்’, மில்டன்ஹால் தளத்தின் 149-ஆம் ஸ்க்வாட்ரனை (விமானப் பிரிவை) வைத்து எடுக்கப்பட்டது. நடித்தவர்கள் நடிகர்கள் கிடையாது, நிஜ விமானப்படையினர். ஒரு வெலிங்டன் விமானம், ‘எஃப் ஃபார் ஃப்ரெடி’, ஜெர்மனிக்குப் போய் எண்ணெய்க் கிடங்கைத் துல்லியமாக அடித்துவிட்டுத் திரும்புகிறது. அதில் வரும் ஜெர்மன் ஊர் கற்பனை. உள்காட்சிகளில் பல ஸ்டூடியோவில் எடுத்தவை. படம் வெளிவந்த அதே கோடைக்காலத்தில், ஆகஸ்டில், அரசுக்குள் ரகசியமாக ஒரு அறிக்கை போனது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்கள் எடுத்துவந்த புகைப்படங்களை ஆராய்ந்து பட் என்ற அதிகாரி எழுதிய ‘பட் அறிக்கை’ அது. மூன்றில் ஒரு விமானம்தான் இலக்கிலிருந்து 5 மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது. தியேட்டரில் மக்கள் பார்த்த துல்லியத்துக்கும் இந்த அறிக்கைக்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி! இன்று அந்தப் படத்தின் காட்சிகளை இடம், ஆண்டு, தயாரிப்பு எதுவும் இல்லாமல் காட்டினால், 1941-இன் பிரசாரத்தை அப்படியே மறுபடி ஒளிபரப்புகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

அந்தப் படத்தில் எஃப் ஃபார் ஃப்ரெடியின் விமானியாக வருபவர் பெர்சி பிக்கார்ட். உயரமான, வெளிர்நிறத் தலைமுடிக்காரர், வாயில் பைப்பு. உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். 1944 பிப்ரவரி 18-ஆம் தேதி பிரான்சின் அமியான் சிறைச்சாலையின் மதிலை உடைத்து உள்ளே இருந்த எதிர்ப்பு இயக்கத்தினரைத் தப்பவைக்க பிரிட்டிஷ் விமானப்படையின் மொஸ்கிட்டோ விமானங்கள் போயின. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அவர். திரும்பும் முன் சுட்டு வீழ்த்தப்பட்டார். அவரோடு அவருடைய வழிகாட்டி ஆலன் பிராட்லியும் இறந்தார். அந்தத் தாக்குதலைப் படமெடுக்க விமானப்படையின் திரைப்படப் பிரிவைச் சேர்ந்த ஒரு மொஸ்கிட்டோவும் கூடவே பறந்தது. பனி மூடிய நிலத்தில் சிறையின் மதில் உடைந்து கிடப்பதை அது பதிவு செய்தது. நிறையக் கைதிகள் தப்பினார்கள். சுமார் நூறு கைதிகள் அந்தத் தாக்குதலிலேயே இறந்தார்கள்.

என்னிடம் வந்த ஒரு எபிசோடில் அந்தப் பனிக்காட்சி ‘ஜெர்மன் தொழிற்சாலை’ ஆகிவிட்டிருந்தது. ஆங்கில மூலத்தில் கீழே அமியான், 1944 என்ற எழுத்து இருந்தது; தமிழ்ப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, வர்ணனையை அதன் மேல் நீட்டியிருந்தார்கள். பிக்கார்ட் இறந்த தினத்தின் காட்சி அது. இரண்டு சொல்லை அழித்ததால் ஒரு சிறை தொழிற்சாலையாகிவிட்டது, செத்தவர்கள் எல்லோரும் காணாமல் போய்விட்டார்கள்.

இதெல்லாம் தமிழருக்குத் தொலைதூரக் கதை என்று குறிப்பை எழுதியவர் நினைத்திருக்கலாம். அவருக்கு ஒன்று சொல்கிறேன். போர்நிதி கொடுத்த காலனிகளின் பெயரை பிரிட்டிஷ் விமானப்படை ஸ்க்வாட்ரன்களுக்கு வைத்தது. 35-ஆம் ஸ்க்வாட்ரனின் முழுப்பெயர் 35 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்க்வாட்ரன். ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களை முதன்முதலில் போரில் இறக்கியது அதுதான். பிறகு முன்னே போய் இலக்குக்கு ஒளிக்குறி போடும் பாத்ஃபைண்டர் படையில் சேர்ந்தது. 102-க்கு சிலோன் என்று பெயர். பாம்பர் கமாண்டிலேயே மிகக் கடுமையான இழப்பைச் சந்தித்த ஸ்க்வாட்ரன்களில் ஒன்று. 97-க்கு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ், அதாவது சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும். பிக்கார்டை வைத்துப் படமெடுத்தார்களே, அந்த 149-க்கு ஈஸ்ட் இந்தியா. லண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், நார்வே ஏரியின் அடியிலிருந்து 1973-இல் எடுத்த ஒரு ஹாலிஃபாக்ஸ், எடுத்த நிலையிலேயே சிதைந்து நிற்கிறது. 1942 ஏப்ரலில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய், உறைந்த ஏரியின் மேல் இறங்கி மூழ்கியது. அது மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்க்வாட்ரனின் விமானம்.

அந்த நிதியில் மனமுவந்து கொடுத்தது எவ்வளவு, அதிகாரிகளுக்குப் பயந்து கொடுத்தது எவ்வளவு என்பது தனியாக எழுத வேண்டிய கதை. ஆனால் சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு என்று எங்கே இருந்து பார்த்தாலும் தமிழருக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது, பெருமையாகவோ சங்கடமாகவோ. பாத்ஃபைண்டர் எபிசோடில் 35-க்குப் பக்கத்தில் மெட்ராஸ் பிரசிடென்சி என்ற அதன் முறையான பெயரைச் சேர்த்து எழுதினேன். அதையும் அடித்துவிட்டார்கள். பார்வையாளர்கள் குழம்புவார்களாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதும்போது மனதை அதிகம் அழுத்துவது இதுதான். குண்டுவீச்சு விமானத்திலிருந்து எடுத்த படத்தில் கீழே இருக்கும் மனிதர்கள் தெரிவதில்லை. புகை தெரியும், தெருக்களின் கோடு தெரியும், அவ்வளவுதான். பாம்பர் கமாண்டில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காக மனம் கனக்கிறது. அதே ஆட்கள் 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் மீது போட்ட குண்டுகளில் 30,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள், பலர் நிலவறைகளிலேயே மூச்சுத் திணறி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள் இருக்கின்றன. நேரத்தைக் குறைக்கத் தமிழில் வெட்டும்போது முதலில் போவது எப்போதும் தரையில் இருந்தவர்களின் பகுதிதான். நான் வர்ணனை எழுதி, குரலும் பதிவான பிறகு அப்படி வெட்டிய எபிசோட்கள் உண்டு.

டொராண்டோவிலிருந்து ஒரு அம்மா எழுதினார். இலங்கைப் போரின்போது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்தவர். பிளேனுக்குள் இருந்தவரின் பயத்தை இவ்வளவு நேரம் காட்டுகிறீர்கள், கீழே இருந்த ஒரு ஆளையும் காட்டவில்லையே தம்பி என்று கேட்டிருந்தார். அவர் பார்த்தது வெட்டிய பதிப்பு. மூலத்தில் ஹாம்பர்க்கின் ஒரு பெண் ஐந்து நிமிடத்துக்குமேல் பேசுகிறார். தமிழில் அதை முழுவதுமாகப் பார்க்க வேண்டியவர் அந்த அம்மாதான்.

சரி, உங்களிடம் நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வழிகாட்டுக் குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். குறிப்பு அனுப்பாமல் அதே வழக்கத்தை வைத்திருக்கும் மற்ற நிறுவனங்களும் நிறுத்துங்கள். பழைய படச்சுருள் காட்சி வரும் ஒவ்வொரு முறையும் இடம், ஆண்டு, காப்பகத்தின் பெயர் தமிழில் வர வேண்டும். எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரும் வர வேண்டும். இது மூன்று விநாடி வேலை. மொழிபெயர்ப்பாளர்கள் நாங்கள் செய்துவிடுவோம்.

கணினியில் உருவாக்கியது, வண்ணம் ஏற்றியது, பிறகு சத்தம் சேர்த்தது எதுவானாலும் திரையில் தமிழில் சொல்லுங்கள். வண்ணத்திலேயே எடுத்த படத்துக்கு ‘முதல்முறையாக வண்ணத்தில்’ என்று விளம்பரம் செய்யாதீர்கள்.

வர்ணனை சொல்லும் நிகழ்ச்சியும் காட்சியும் பொருந்தவில்லை என்று எழுத்தாளரோ எடிட்டரோ கண்டுபிடித்தால் எழுதிக் கேட்க ஒரு ஆளை நியமியுங்கள். அவர் பதில் சொல்லவும் வேண்டும். மாற்றுக் காட்சி கிடைக்காவிட்டால், ‘வேறொரு தாக்குதலில் எடுத்த காட்சி’ என்ற ஒரு வரி போதும். அதே நபர் ஸ்க்வாட்ரன் பெயர் போன்ற சரிபார்த்த விவரங்களைத் தமிழ் வர்ணனையில் சேர்க்க அனுமதி தரட்டும்.

நேரத்துக்காக வெட்டத்தான் வேண்டும் என்றால், குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களின் சாட்சியத்தை வெட்டாதீர்கள். கணினிச் சண்டைக் காட்சிகளை வெட்டுங்கள், அவை நிறைய இருக்கின்றன.

முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் படிக்கக்கூடிய வேகத்தில் முழுவதும் ஓடவிடுங்கள்.

கடைசியாக, இதுவரை ஒளிபரப்பாகி இன்னும் ஓடிடியில் இருக்கும் குண்டுவீச்சு விமானத் தொடர்களைத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள். அமியான் காட்சி வரும் எபிசோடிலிருந்து தொடங்கலாம். நான் எழுதிய எபிசோட்களில் எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி தவறான இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. தாம்பரத்துப் பெரியவரின் குறிப்புகளையும் அவர் சம்மதத்தோடு அதில் சேர்த்திருக்கிறேன். கீழ்வரிகளைத் தமிழில் எழுதித்தர நான் கட்டணம் கேட்கமாட்டேன். அடுத்த சீசனின் டப்பிங் தொடங்குவதற்கு முன், இந்தப் பட்டியலை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களுக்குத் தமிழ் வர்ணனை எழுதும் ஒருவர்
சாலிகிராமம், சென்னை